நுரைப்பொடிச் சக்கையும் ஒரு பால் கேனும்

இதை எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் என் மகள் பெனிட்டா. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, தானிய ஆல்கஹால் ஆலைக் கழிவிலிருந்து புரதம் பிரிக்கும் கம்பெனி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். ஊர் ஈரோட்டுப் பக்கம். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். ஹாஸ்டலில் தண்ணீர் வருகிறதா, சாப்பாடு எப்படி என்பது வரைக்கும் நன்றாகப் பேசுவாள். வேலையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டால் மட்டும் குரல் மாறிவிடும்.

"புரதம் எடுத்த பிறகு மிச்சம் எங்க போகுது?"

"வெண்டர் எடுத்துட்டுப் போறாரும்மா."

"எதுல எடுத்துட்டுப் போறாரு?"

"எதுல போனா என்னம்மா? அது என் டிபார்ட்மென்ட் இல்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் வேலை பார்த்த காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லும்போது மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். போனில் திரும்பத் திரும்பக் கேட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது, அவளுக்கு எரிச்சல் ஏறுகிறது. அதனால் எழுத உட்கார்ந்தேன். இதே வேலையில் சேருகிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

நான் போடிக்காரி. அப்பாவுக்குப் பஜாரில் ஏலக்காய் வியாபாரிகளுக்குச் சாக்கும் சணலும் விற்கிற கடை. மதுரையில் வேதியியல் முதுகலை, ஒரு சர்க்கரை ஆலையின் லேப்பில் சில வருடங்கள், கல்யாணம், தேனியில் என் கணவரின் ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் குடித்தனம், பிறகு தேவதானப்பட்டி போகிற வழியில் தொடங்கிய தானிய ஆல்கஹால் ஆலையின் லேப். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பியூரெட் குழாயின் அளவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கவும், பார்த்ததை மட்டும் சொல்லவும் கற்றுக்கொண்டேன். மிச்ச நேரம் பஸ்ஸைப் பிடிப்பதில் போய்விட்டது. போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஆலைக்கு மூலப்பொருள் குருணை அரிசி. அதை மாவாக்கி, வேகவைத்து, புளிக்கவைத்து, ஆல்கஹாலை வடித்தெடுத்த பின் மிஞ்சுவது ஈரச் சக்கை. சுற்றுவட்டாரத்து மாட்டுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பீர் சக்கை. பீருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிச் சொல்லி நாங்கள்தான் ஓய்ந்துபோனோம். மாடு விரும்பித் தின்னும், பாலும் கூடும். அதனால் பின் கேட்டில் தினமும் கூட்டம் நிற்கும். நான் அந்தக் கூட்டத்தை லேப் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஸ்டாஃப் பஸ் எங்களை ஆபீஸ் வாசலில் இறக்கி அங்கேயே ஏற்றிக்கொள்ளும். பின் கேட்டுக்கு லேப் ஆட்கள் போக வேண்டிய வேலையே இல்லை.

மாவுச்சத்து எல்லாம் ஆல்கஹாலாகப் போய்விடுவதால் சக்கையில் புரதம் செறிந்திருக்கும். அதை ஏன் மாட்டுக்குப் போட வேண்டும், பிரித்தெடுத்துச் சத்துமாவுக் கம்பெனிக்கு விற்கலாமே என்று நிர்வாகத்துக்கு ஒருநாள் தோன்றியது. தோன்றியது அவர்களுக்கு, செய்ய வேண்டியது நாங்கள். வெந்து இறுகிப்போன அரிசிப் புரதம் வெறும் தண்ணீரில் கரையாது. காரம் போட்டாலும் கொஞ்சம்தான் வரும். அதற்குச் சர்ஃபாக்டன்ட் வேண்டும். சோப்பு, ஷாம்பூ, பற்பசை எல்லாவற்றிலும் நுரை தருவது இந்த வகைதான். அதன் ஒரு முனை எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். சுருண்டு கிடக்கிற புரதத்தைப் பிரித்துத் தண்ணீருக்குள் இழுத்துவந்துவிடும். நாங்கள் வாங்கியது வெள்ளைப் பொடி. பையைப் பிரித்தால் லேப் முழுக்கத் தும்மல். அதன் முழுப் பெயரைச் சொல்ல வாய் வலிக்கும் என்பதால் நுரைப்பொடி என்றே ஆகிவிட்டது.

புரதத்தை இழுத்துவருவது சுலபம். நுரைப்பொடியை அதிலிருந்து விலக்குவதுதான் பெரும்பாடு. இரண்டும் ஒன்றையொன்று விடாது. வேகமாகக் கலக்கினால் தொட்டியிலிருந்து நுரை பொங்கித் தரையில் இறங்கி, கதவு வரைக்கும் போய்விடும். மெதுவாகக் கலக்க வேண்டும். பிறகு சுழற்றிப் பிரித்து, தெளிந்த நீரில் ஆல்கஹாலைச் சேர்த்தால் பால் திரிகிற மாதிரி புரதம் வெள்ளை வெள்ளையாகக் கீழே இறங்கும், நுரைப்பொடி மேலே நிற்கும். அதை ஊற்றிவிட்டு மறுபடி ஆல்கஹால், மறுபடி கழுவல். இதில் என்ன கொடுமை என்றால், டேங்கர் டேங்கராக ஆல்கஹால் வெளியே போகிற ஆலையில், லேப்புக்கு ஒரு வாளி வேண்டுமென்றால் ஆயத்தீர்வை அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டால்தான் பூட்டைத் திறப்பார்கள். சட்டம் அப்படி, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் ஓய்வாக இருக்கிற நேரமும் எங்கள் புரதம் கழுவலுக்குத் தயாராகிற நேரமும் ஒருநாளாவது ஒத்துப்போயிருக்க வேண்டும். போகவில்லை.

கழுவியது போதுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சோதனைக் குழாயில் மாதிரியை எடுத்து, மெத்திலீன் நீலச் சாயம் கொஞ்சம், குளோரோஃபார்ம் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி வைக்க வேண்டும். குளோரோஃபார்ம் கனமானது, அடியில் தங்கும். நுரைப்பொடி இருந்தால் நீலத்தைப் பிடித்து அடிக்கு இழுத்துக்கொண்டு போகும். இல்லாவிட்டால் நீலம் மேலேயே நிற்கும், அடி தெளிவாக இருக்கும். பாலில் சோப்பு கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே சோதனைதான். அதை நான் பின்னால் பயன்படுத்த வேண்டியிருந்தது.

இந்த வேலைக்கு மேலே இருந்தவர் வரதராஜன் சார், டெக்னிக்கல் மேனேஜர். அவரும் போடிதான். சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். ஒரு விஷயத்தை மறுக்கப் போகிறார் என்றால் ஒன்றை எடுத்து நிதானமாக உரிப்பார். விதைகளை நம் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, தோலை அவர் வாயில் போட்டுக்கொண்டு, "பாப்பம்" என்பார். கையில் அவர் கொடுத்த ஏலக்காயை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? என் சர்வீஸில் நான் கேட்டு நடக்காத காரியங்கள் எல்லாம் ஏலக்காய் மணக்கும்.

ஆனால் சோதனை என்று வந்துவிட்டால் மனிதர் வேறு. நான் குழாயை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தபோது ஒருநாள் பின்னால் வந்து நின்றார்.

"ஹெலன், வானத்த வச்சு நீலம் பாக்காதீக. வானமே நீலம்."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குழாய்க்குப் பின்னால் பிடித்தார். தெளிவு என்று நான் நினைத்த அடியில் மெல்லிய நீலம் இருந்தது. மறுபடி கழுவச் சொன்னார். ஒரே மாதிரியை மூன்று தடவை சோதிக்கச் சொல்லுவார். மூன்றும் ஒத்துவந்தால், நான்காவதை அவரே செய்வார். குழந்தைகள் சாப்பிடப் போகிற புரதப் பொடி என்பதால் அதை நான் தலைவலியோடு மதித்தேன்.

ஒரு தடவை கேட்டேன். "சார், பவுடர இவ்வளவு பாக்குறோம். புரதம் எடுத்த சக்கைல நுரைப்பொடி ஊறிக் கெடக்கே, அத யாரு பாக்குறது?"

ஏலக்காய் வெளியே வந்தது.

"அது ப்ராடக்ட் இல்ல. கேட்டுக்கு வெளிய போறது. வெளிய போறதுக்கு லேப் எதுக்கு? ஸ்டோர்ஸ் பாத்துக்கிருவாக. பாப்பம்."

ஸ்டோர்ஸில் கேட்டேன். அது புரொடக்‌ஷன் என்றார்கள். புரொடக்‌ஷனில் கேட்டேன். புரத ட்ரையல் எல்லாம் லேப்புதானே என்றார்கள். புரதம் எடுத்த சக்கையைப் பொதுச் சக்கை மேட்டில் கொட்டாமல் தனியாக ஒரு சின்னக் குழியில் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியவந்தது. தனிக்குழி என்றதும் விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில் எங்கள் கேன்டீனுக்குப் பால் கொடுத்தவள் ராமுத்தாய். ஆலைக்குப் பின்னால் இருந்த சிற்றூர்க்காரி, இரண்டு கறவை மாடு. வீட்டுக்காரர் கேரளாவில் எஸ்டேட் வேலை. அவளிடம் இரண்டு அலுமினியக் கேன்கள். காலையில் ஒன்றைப் பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, மற்றதைக் கேன்டீனில் கொடுப்பாள். காலிக் கேன்களை வீட்டுக்குச் சும்மா கொண்டுபோவானேன் என்று பின் கேட்டில் இரண்டிலும் சக்கையை அள்ளிக்கொள்வாள். அவள் மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். பால் கேனோடு போய்ச் சக்கைக் கேனோடு திரும்புவார்கள். வீட்டுக்குப் போனதும் சக்கையைத் தொட்டியில் கொட்டி, கேனைத் தண்ணீர் விட்டு அலசிக் கவிழ்த்தால் மறுநாள் பாலுக்குத் தயார். சக்கை வெறும் அரிசி என்பதால் அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

நானோ வரதராஜன் சாரோ இதைத் தெரிந்து வைத்திருந்தோமா என்றால், இல்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் கேன் தெரியும். அது பால் கேன் என்று தெரியாது.

ஒருநாள் கேன்டீனில் டீ கறுப்பாக வந்தது. பால் இல்லையா என்று கேட்டதற்கு, "சோப்புப் பாலு வேணுமா மேடம்?" என்று மாஸ்டர் சிரித்தார். ராமுத்தாயின் பாலில் டிடெர்ஜென்ட் இருப்பதாகச் சொசைட்டியில் இரண்டு நாள் தொடர்ந்து கண்டுபிடித்துவிட்டார்களாம். பெயரைப் போர்டில் எழுதி, இனிமேல் அவளிடம் பால் எடுப்பதில்லை என்று நிறுத்திவிட்டார்களாம். கேள்விப்பட்ட உடனே எங்கள் நிர்வாகமும் கேன்டீனில் நிறுத்தியது.

பாலுக்கு நுரையும் கொழுப்பும் கூட்டிக் காட்டச் சிலர் என்னென்ன செய்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். தினமும் மூன்று வேளை டீ குடிக்கிற இடம். கேன்டீனை விட்டு வெளியே வந்தால் வேப்ப மரத்தடியில் அவளே நிற்கிறாள், கேனோடு.

"அக்கா, நீங்க லேப்புக்காரகதான. இந்தப் பாலப் பாத்துச் சொல்லுங்க. நான் சோப்பு போட்டேனாம். எங்க வீட்டுக்காரு சட்டைக்கே வாரத்துக்கு ஒருக்காத்தான் சோப்பு போடுறேன். பாலுக்குப் போடுறேனாக்கும்."

"சொசைட்டில டெஸ்ட் பண்ணித்தான சொல்லியிருப்பாங்க."

"சொட்டு மருந்து விட்டாக. ஊதாவாப் போச்சு. கூட்டத்துல வச்சே எம்பேர எழுதுனாக. இப்ப ஊருக்குள்ள வீட்டுப் பாலும் யாரும் வாங்குறதில்ல." கேன் மூடியை அழுத்தி மூடினாள். "பள்ளிக்கூடத்துல எம்மகள ஷாம்புன்னு கூப்புடுதுகக்கா. போகமாட்டேன்னு படுத்துக் கெடக்குறா."

அவள் மகளுக்கு அப்போது என் மகளைவிட இரண்டு மூன்று வயது குறைவு இருக்கலாம். நான் கேனிலிருந்து ஒரு குவளைப் பாலை எடுத்துக்கொண்டு மேலே போனேன். சாயம், குளோரோஃபார்ம், குலுக்கல். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தேன். நீலம் நேராக அடிக்குப் போயிருந்தது.

இறங்கி வந்து சொன்னேன். "இருக்கு ராமுத்தாயி. பால்ல இருக்கு."

அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அப்ப எம்மாடு சோப்புத் திங்குதாக்கா?" என்றாள்.

குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாடு என்ன தின்றாலும் மடி வழியாக அப்படி வராது. அப்படியானால் மடிக்கும் சொசைட்டிக்கும் நடுவில் எங்கேயோ சேருகிறது. லேப்பிலிருந்து சுத்தமான கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கொடுத்து, நாளைக் காலையில் மடியிலிருந்து நேராக இதில் கறந்து கொண்டுவா, வேறு எதிலும் ஊற்றாதே என்றேன்.

கொண்டுவந்தாள். அடி கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

கேனை மேலே வாங்கிவரச் சொல்லி மேசை மேல் வைத்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது. முகர்ந்தால் வெறும் பால் வாசனை. மூடியைத் திருப்பினேன். பால் சிந்தாமல் இருக்க மூடியின் அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய வளையம், ஓரத்தில் வெடிப்பு. லேப் ஸ்பேட்டுலாக் கரண்டியால் நெம்பி வெளியே எடுத்தேன். பள்ளத்தில் சுற்றிலும் பழுப்பாக ஒரு பசை. புளித்த சக்கை மணம்.

துளிதான் எடுத்தேன். குழாயின் அடி இங்க் மாதிரி ஆனது. அந்த நீலம் எனக்குப் பழக்கமான நீலம். மாதக்கணக்காகப் புரதத்திலிருந்து அதை விரட்டிக்கொண்டிருந்தவள் நான்தான்.

"ராமுத்தாயி, சொசைட்டில சொல்றதுக்கு முந்தின நாள் இங்க சக்கை எடுத்தியா?"

"எடுத்தேன். அன்னைக்கு மேட்டுல தீந்துபோச்சு. அங்கன சின்னக் குழியில கெடந்தத அள்ளிக்கிரச் சொன்னாரு கேட்டுக்காரரு. வீட்டுக்குக் கொண்டுபோயி வச்சா, மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. எருக்குழியில கொட்டிட்டேன்."

பின் கேட்டுக்கு இன்டர்காமில் பேசினேன். கேட்டில் இருந்தவர் மொக்கராசு.

"ஆமா மேடம், நாந்தான் எடுத்துக்கிரச் சொன்னேன். பாவம், லேட்டா வருது. எல்லாம் சக்கைதான?"

"அது நுரைப்பொடி போட்டதுண்ணே."

"அப்படின்னு யாரு சொன்னா? குழியில போடுன்னாக, போட்டோம். யாருக்கும் குடுக்காதன்னு ஒருத்தரும் சொல்லலையே."

ஒருவரும் சொல்லவில்லைதான். புரதப் பொடியை நான்கு தடவை சோதித்த ஆலை, குழியைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லவில்லை.

குழாய்களை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு வரதராஜன் சார் அறைக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். வெள்ளைத் தாளைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் பார்ப்பதில் குறையே சொல்ல முடியாது. பார்த்து முடித்ததும் போனை எடுத்து, ட்ரையல் சக்கை இனி ஒரு கூடைகூடக் கேட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் கை சட்டைப் பைக்குப் போனது.

"நம்ம பவுடர்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப?"

"சக்கைல இருக்கு சார். மாட்டுக்குப் போற சக்கை."

"மாடு திங்கலேன்னு நீங்கதான சொன்னீக." விதைகளை என் கையில் கொட்டினார். "அந்தப் பொம்பளைய ரிங்க மாத்தச் சொல்லுங்க. ஸ்டோர்ஸ்ல புது கேன்கூடக் கேட்டு வாங்கித் தாரேன். முடிஞ்சிருச்சு."

"அவ பேரு போர்டுல இருக்கு சார். நாம சொன்னாத்தான் அழிப்பாக. ஆலையிலருந்து ஒரு வார்த்தை."

"சாக்பீஸ்தான ஹெலன். மழை பேஞ்சாப் போயிரும்."

"போர்டு உள்ள மாட்டியிருக்கு சார்."

அவர் தோலை மென்றார். "ஆலை வாயத் தொறந்தா நாளைக்கு ஜில்லாவுல எந்த மாடு தும்முனாலும் நம்ம சக்கைம்பாக. சத்துமாவுக்காரன் ஓடிப்போவான். பாப்பம்."

முதல் தடவையாக ஏலக்காயை அவர் மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் என் கணவரிடம் சொன்னால், "ஒனக்கு எதுக்கு இந்த வேல? புது கேன் குடுத்தா வாங்கிக்கிரச் சொல்லு" என்றார். பெனிட்டா பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாலைக் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பால் வேறு ஆளிடம் வாங்குவது. அந்த ஆள் எந்தக் கேனில் எதைக் கொண்டுபோகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் வேலை முடிந்ததும் ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறாமல் ராமுத்தாயின் ஊருக்குப் போனேன். சாயங்காலப் பால் நேரம். சொசைட்டி என்பது ஒரு ஒற்றை அறை. சுவரில் கறும்பலகை. யார் பாலில் எவ்வளவு கொழுப்பு என்று அதில் எழுதுவார்கள். கீழே கட்டம் போட்டு ராமுத்தாய் பெயரும் பக்கத்தில் சோப்பு என்றும் இருந்தது. செயலாளர் வயசான மனிதர், சட்டைக் காலரில் கைக்குட்டை. நான் டிபன் பையிலிருந்து குழாய்களையும் சாயப் பாட்டிலையும் எடுத்து அடுக்கியதும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"என்னப்பா, யக்கா கலர் சோடா விக்க வந்திருக்கா?" என்றான் ஒருவன்.

"ஒனக்கு நீலம் ஊத்தித் தாரேன், குடி" என்றாள் ராமுத்தாய்.

செயலாளர் என்னைப் பார்த்து, "நீங்க அந்த ஆலையிலருந்து வர்றீகளா?" என்றார்.

"ஆமா."

"ஆலை சொல்லுதா, நீங்க சொல்றீகளா?"

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. சுற்றி நின்ற கூட்டத்தில் எங்கள் ஆலையில் கூலி வேலை செய்கிற இரண்டு பேர் இருந்தார்கள்.

"நான் சொல்றேன். எம்பேரு ஹெலன். அங்க லேப்புல கெமிஸ்ட்டா இருக்கேன்."

ராமுத்தாயின் மாட்டை அங்கேயே ஓட்டிவந்து எல்லோர் முன்னாலும் ஒரு சில்வர் சொம்பில் கறந்தோம். அதில் கொஞ்சம் முதல் குழாய்க்கு. மிச்சத்தை அந்தக் கேனில் ஊற்றி, பழைய வளையத்தைக் கழுவாமல் மாட்டி, மூடிக் குலுக்கி, இரண்டாவது குழாய்க்கு. வளையத்தைக் கழற்றி அதையும் பள்ளத்தையும் கேனையும் வெந்நீரில் தேய்த்து அலசி, மறுபடி அதே மாட்டின் பாலை ஊற்றி, மூன்றாவது குழாய்க்கு. மூன்றிலும் சாயமும் குளோரோஃபார்மும் விட்டுக் குலுக்கி, செயலாளரின் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை வாங்கிப் பின்னால் பிடித்தேன். நடுக் குழாய் மட்டும் அடியில் நீலமாக நின்றது. சோடா கேட்டவன் தன் கேன் மூடியைத் திருப்பி வளையத்தை நகத்தால் கீறிப் பார்த்தான். அடுத்தவனும் பார்த்தான்.

செயலாளர் சொட்டு மருந்தையும் ஒருமுறை விட்டுப் பார்த்துக்கொண்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். எழுந்து டஸ்டரை எடுத்தார். அவ்வளவு பாடுபட்டு, வேலையைப் பணயம் வைத்து, அந்த ஒரு வரியை அழிக்கத்தான் வந்திருந்தேன்.

"இப்ப அழிக்காதீக" என்றாள் ராமுத்தாய்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "ராமுத்தாயி, பேசாம இரு."

"இல்லக்கா. இவுக காலைல எழுதுனாக. ஊரே வரிசையில நிக்கையில எழுதுனாக. இப்ப ஏழு பேரு நிக்கையில அழிச்சா, மத்தவுக நாளைக்கு வந்து யாரோ தொடச்சுட்டாகன்னு நெனப்பாக. எந்நேரத்துல எழுதுனாகளோ அந்நேரத்துல அழிக்கட்டும். எம்புள்ளையக் கூட்டியாந்து நிறுத்துறேன்."

செயலாளர் டஸ்டரைக் கீழே வைத்தார். "வா. காலைல வா" என்றார்.

காலையில் நான் போக முடியவில்லை. ஆலையில் வரதராஜன் சார் கூப்பிட்டனுப்பியிருந்தார். விஷயம் அவருக்கு முந்தின நாளே போய்விட்டது. திட்டவில்லை. ஏலக்காயும் எடுக்கவில்லை. "வெள்ளத் தாளு புடிச்சீகளா?" என்று மட்டும் கேட்டார். பிடித்தேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, மறுநாளிலிருந்து பாய்லர் தண்ணீர் சோதனைக்கு என்னை மாற்றிய உத்தரவைக் கையில் கொடுத்தார். ஓய்வு பெறும் வரை பாய்லர் தண்ணீர்தான் பார்த்தேன். புரதத் திட்டம் அதற்குப் பிறகு அதிக நாள் ஓடவில்லை. நுரைப்பொடியைக் கழுவி முடிக்கிற செலவு புரதப் பொடியின் விலையைத் தாண்டியது என்று கேள்விப்பட்டேன். நல்ல காரணம். என் காரணத்தை யாரும் கேட்கவில்லை.

அன்று மதியம் மொக்கராசு இன்டர்காமில் கூப்பிட்டார். "மேடம், அந்தப் பால்காரம்மா இங்கன நிக்கிது. உள்ள வரமாட்டேங்குது. நீங்க வருவீகளாம்."

அத்தனை வருடத்தில் முதல் முறையாகப் பின் கேட்டுக்கு நடந்து போனேன். லேப்பிலிருந்து அது அவ்வளவு பக்கம் என்று அதுவரை தெரியாது. சக்கை மேட்டைச் சுற்றி வரிசையாகக் கேன்கள். பக்கத்தில் பார்த்தால் ஒவ்வொன்றின் கழுத்திலும் பால் ஆடை காய்ந்து ஒட்டியிருந்தது. யார் பார்த்தாலும் தெரியும், பால் கேன் என்று. நாங்கள்தான் பார்க்க வரவில்லை.

"அழிச்சாகளா?" என்றேன்.

"அழிச்சாக. எம்பேர மட்டும் அழிச்சாக. சோப்புங்கிறத அப்படியே விட்டுட்டாக."

"ஏன்?"

"மத்தவுக கேனக் கழுவுறதுக்குப் பயம் வேணுமாம். இருந்துட்டுப் போகட்டும். எம்மக அதப் படிச்சுட்டு நேரா பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா."

கேன்டீனிலிருந்து அதற்குள் திரும்பப் பால் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். அவள் கொடுக்கவில்லை. சக்கையும் எடுக்கவில்லை. வரதராஜன் சார் தருவதாகச் சொன்ன புது கேனையும் வாங்கவில்லை. பருத்திக்கொட்டை ஆட்டி வைக்கிறேன், மாடு கேள்வி கேட்காமல் தின்கிறது என்றாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் காலை வைக்காமலே திரும்பிப் போனாள்.

எனக்கு அது முடிந்துபோகவில்லை. இன்றைக்கும் தேனியில் யாராவது மூடி போட்ட பாத்திரத்தை நீட்டினால், மூடியைத் திருப்பிப் பார்க்கிறேன். கல்யாண வீட்டில் பாயசத் தூக்கைத் திருப்பிப் பார்த்து என் கணவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒருவேளை செயலாளர் ஒழுங்காகச் சோதிக்காதவராக இருந்திருந்தால், அந்தப் பால் எத்தனை வீட்டு டம்ளருக்குப் போயிருக்கும் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.

இதுவரை எழுதியதை நேற்று போட்டோ எடுத்து பெனிட்டாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதிலில்லை. சாயங்காலம் போனும் வரவில்லை. அதிகமாகச் சொல்லிவிட்டேனோ, புது வேலையில் பிள்ளையைப் பயமுறுத்திவிட்டேனோ என்று சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று மதியம் ஒரு படம் வந்தது. ஒரு மினி லாரி. அதில் நீல பிளாஸ்டிக் டிரம்கள், மூடி போட்டவை. பக்கத்தில் டிரைவர், வாயில் வெற்றிலையோடு, போட்டோவுக்காக நேராக நிற்கிறார். கீழே ஒரு வார்த்தை இல்லை.

உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் செய்தி வந்தது.

"கேட்ல நிக்கிறேன்மா. காலியானதும் டிரம்ல என்ன வைப்பீங்கன்னு கேட்டுட்டு இருக்கேன். அப்புறம் பேசுறேன்."